எங்க உருகுன இரும்பு இது?

எங்க சைட் ஆபீஸ்னு சொல்றது ஒரு டிரெய்லர் பெட்டி தான். அதுல என் மேசைக்குப் பின்னாடி 11 தடி ஃபைல் அடுக்கி வச்சிருக்கேன், அதுல 7 ஃபைல் முழுக்க இரும்போட ஜாதகம். சும்மா பேச்சுக்கு ஜாதகம்னு சொல்லல. ஒவ்வொரு போஸ்ட்டும் ஒவ்வொரு போல்ட்டும் எந்த ஊர் ஃபர்னஸ்ல உருகுச்சு, எந்த மில்லுல உருட்டுனாங்க, யாரு வெட்டுனா, யாரு ஓட்டை போட்டா, கடைசியா யாரு துத்தநாகத்துல முக்கி எடுத்தா, இப்படி ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம், காகிதத்துக்குக் கீழ ஒரு கையெழுத்து. டெட்ராய்ட் பக்கம் ஹைவே வேலை எடுக்குற ஒரு காண்ட்ராக்ட் கம்பெனில குவாலிட்டி பாக்குறது என் பொழப்பு, சிவில் படிச்சிட்டு இப்படி குமாஸ்தா வேலை பாக்குறியேடான்னு ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ணுவானுங்க, அதுல பாதி உண்மை தான்.

சேலத்துல என் மாமா 40 வருஷமா இரும்புக் கடை வச்சிருக்கார். ஒரு தடவ வீடியோ கால்ல இந்த ஃபைல காமிச்சேன். "ஏன் மாப்ள, கம்பி நல்லாருக்கா இல்லையான்னு பாக்காம, எங்க பொறந்துச்சுன்னு பாக்குறீங்களா?"ன்னு கேட்டார். சிரிச்சு மழுப்பிட்டேன். ஆனா அந்தக் கேள்வி ரெண்டு வருஷமா மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு, அதுக்குத் தான் இந்தப் பதிவு.

முதல்ல சட்டம் என்னன்னு சொல்லிடறேன், போர் அடிச்சா ரெண்டு பாரா தாண்டிப் போங்க. அமெரிக்கால ரெண்டு சட்டம் இருக்கு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணு போல இருக்கறதால இங்க வேலை பாக்குறவங்களே குழப்பிக்குவாங்க. 1933-ல வந்தது பை அமெரிக்கன், அது மத்திய அரசு தானே நேரடியா வாங்குற பொருளுக்கு. இன்னொண்ணு பை அமெரிக்கா, கடைசி எழுத்து மட்டும் இல்ல. அது மத்திய அரசு காசு குடுக்க மாநிலங்கள் போடுற ரோடு, பாலத்துக்கு. எங்களுக்கு இது தான். 1982-ல காங்கிரஸ் நிறைவேத்துன போக்குவரத்துச் சட்டத்துல இப்ப இருக்கற ரூபத்துக்கு வந்துச்சு. மொதல்ல அதுல சிமெண்ட்டும் இருந்துச்சு, 1984-ல சிமெண்ட்ட எடுத்துட்டாங்க, 1991-ல ஸ்டீலோட வார்ப்பிரும்பு மாதிரி மத்த இரும்பையும் சேத்தாங்க.

இதுல கடுப்பான விஷயம், ஸ்டீல் அமெரிக்கால உருகுனா மட்டும் போதாது. உருக்குறதுல ஆரம்பிச்சு, உருட்டி, வளைச்சு, ஓட்டை போட்டு, மேல பூசுற நாகப்பூச்சு, எப்பாக்ஸி, பெயிண்ட் வரைக்கும் எல்லா வேலையும் இந்த மண்ணுல நடக்கணும். ஆனா தாதுவும் பழைய இரும்பும் எங்கிருந்து வேணா வரலாம்! ஏதோ ஒரு நாட்டுல உடைச்ச கப்பலோட துண்ட கொண்டாந்து அலபாமால உருக்குனா அது சுத்தமான அமெரிக்க இரும்பு. இந்தியானால உருக்கி இந்தியானாலயே உருட்டுன கம்பிய எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பி ஒரே ஒரு தடவ துத்தநாகத் தொட்டில முக்கி எடுத்தா அது வெளிநாட்டு இரும்பு. ஒரு சின்ன ஜன்னல் மட்டும் தொறந்து வச்சிருக்காங்க, மொத்த காண்ட்ராக்ட் தொகைல ஆயிரத்துல ஒரு பங்கு, இல்லன்னா 2,500 டாலர், ரெண்டுல எது பெருசோ அந்த அளவுக்கு வெளி இரும்பு இருந்தா விட்டுடுவாங்க.

முக்கி எடுத்த கதை தான் எங்களுக்கு நடந்துச்சு.

ஹைவே ஓரம் வளைஞ்சு வளைஞ்சு போற தகடு இருக்குமே, கார்டுரெயில், அதுக்குத் தரைல அடிக்குற இரும்பு போஸ்ட் 300 வந்து இறங்குச்சு. சாதாரணமா 6 அடி 3 இஞ்சுக்கு ஒண்ணுன்னு அடிச்சுக்கிட்டே போவாங்க. பேப்பர் எல்லாம் கூடவே வந்துச்சு, மில் சர்ட்டிஃபிகேட்ல ஹீட் நம்பர் இருக்கு, ஹீட் நம்பர்னா ஒரு தடவ ஃபர்னஸ்ல உருக்கி ஊத்துற மொத்த கொப்பரைக்கும் வைக்குற ஒரு நம்பர், அது போஸ்ட்டோட கட்டுல தொங்குற டேக்ல இருக்குற நம்பரோட பொருந்துது, நானும் டிக் அடிச்சுட்டேன். கால்வனைசிங், அதாவது துத்தநாகத்துல முக்குனதுக்கான சர்ட்டிஃபிகேட்ட மட்டும், நேத்து வந்ததும் இதே கம்பெனி தானேன்னு மேலாப்புல பாத்துட்டு விட்டுட்டேன். 110 போஸ்ட் அடிச்சு முடிச்ச பிறகு மாநிலத்து இன்ஸ்பெக்டர் வந்து அந்தக் காகிதத்த விரல் வச்சுப் படிக்கிறார், முகவரில ஒன்டாரியோன்னு இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம், வின்ட்ஸர். எங்க சைட்டுலேருந்து பாத்தா அந்த ஊர் கட்டிடம் தெரியும். சப்ளையர் அந்த வாரம் இங்க தொட்டி காலி இல்லன்னு அங்க அனுப்பி முக்கி எடுத்துட்டு வந்திருக்கான்.

காண்ட்ராக்ட் 60 லட்சம் டாலர், ஆயிரத்துல ஒண்ணுன்னா 6,000. 300 போஸ்ட் அதைத் தாண்டிடுச்சு. ஜன்னல் மூடியாச்சு, புடுங்கு.

இங்க தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. அந்த போஸ்ட்ல ஒரு குறையும் இல்ல. நானே பூச்சோட தடிமன மீட்டர் வச்சு அளந்தேன், தேவைக்கு மேலயே இருந்துச்சு. இன்னொரு கூத்தும் சொல்றேன், அதே ஆத்து மேல கட்டுன கார்டி ஹோவ் பாலத்துக்கு கனடா இரும்பும் வரலாம்னு 2012-லயே விலக்கு குடுத்துட்டாங்க, ரெண்டு நாட்டுப் பாலம்ல, அது நியாயம் தான். நம்ம 110 போஸ்ட்டுக்கு விலக்கு கேட்டு லெட்டர் போட்டா பதில் வர்றதுக்குள்ள பேரன் பொறந்துடுவான்.

புடுங்குறதுன்னா பகல்ல முடியாது, டிராஃபிக். ராத்திரி ஒன்பது மணிக்கு லேன் மூடணும், கோன் வரிசை வைக்கணும், அம்பு போர்டு வைக்கணும், கடைசியா எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு லாரி நிக்கும், அதோட முதுகுல தேன்கூடு மாதிரி அலுமினியப் பெட்டி ஒண்ணு கட்டியிருக்கும், வர்ற கார் தப்பித் தவறி உள்ள பூந்தா அந்தப் பெட்டி நசுங்கி வேகத்த முழுங்கிக்கும், நம்ம ஆளு தப்பிப்பான். அட்டெனுவேட்டர் வண்டின்னு சொல்லுவோம். மூணு ராத்திரி வேலை. ரெண்டாவது ராத்திரி ரெண்டு மணி சுமாருக்கு ஒரு கார் நேரா வந்து அதுல சொருகுச்சு. ஃபோன் பாத்துக்கிட்டு வந்தானா, தூங்கிட்டானா, தெரியாது. சத்தம் மட்டும் இன்னும் காதுல இருக்கு, டமால்னு இல்ல, பெரிய தகர டப்பாவ யாரோ ஒரே மிதில மிதிச்ச மாதிரி. கார்ல வந்தவன் பலூனுக்குப் பின்னாடி மூக்குல ரத்தத்தோட உக்காந்திருந்தான். லாரி டிரைவர் எறங்கி நடந்து வந்தார், ஐ யாம் குட் ஐ யாம் குட்னு சொல்லிக்கிட்டே வந்தவர் கோன் ஒண்ணப் புடிச்சுக்கிட்டு கீழ உக்காந்துட்டார், அப்புறம் ஆறு வாரம் கழுத்துல பட்டை போட்டுக்கிட்டு வீட்டுல இருந்தார்.

நல்லா யோசிச்சுப் பாருங்க, ஒரு குறையும் இல்லாத இரும்ப புடுங்கப் போய் தான் அந்த மனுஷன் அங்க நின்னார். அந்த ஒன்டாரியோவ நான் ஒழுங்கா படிச்சிருந்தா அன்னைக்கு அவர் வீட்டுல தூங்கியிருப்பார்ங்கறதும் அதே அளவு உண்மை. ரெண்டையும் எழுதி வச்சுடறேன்.

இந்த நாட்டுல ரோடு வேலை நடக்குற இடத்துல மட்டும் சாவுறவங்க எண்ணிக்கை 2020-லேருந்து 2023 வரைக்கும் எந்த வருஷத்த எடுத்தாலும் 850-ஐத் தாண்டுது. அதுல நாலுல மூணு பங்குக்கு மேல வண்டில வந்தவங்க, வேலை பாக்குறவங்க இல்ல, பலருக்கு இது தெரியாது. கோன் வச்ச ஒவ்வொரு ராத்திரியும் ரெண்டு பக்கமும் ஆபத்து தான். அதனால லேன் மூடுற எண்ணிக்கைய எது கூட்டுனாலும், அது நல்ல சட்டமா இருந்தாலும் சரி, அதுக்கு ஒரு விலை இருக்கு, அந்த விலை எந்த டெண்டர்லயும் ஒரு வரியா கூட வராது.

சரி அப்ப இந்தச் சட்டமே வேஸ்ட்டா, வெளில மலிவா கிடைக்கறத வாங்கிப் போட்டுட்டுப் போகலாமான்னு கேட்டா, அங்க தான் சான் ஃபிரான்சிஸ்கோ பே பிரிட்ஜ் கதைய சொல்லணும். இந்தத் தொழில்ல இருக்கறவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போட இதைத் தான் எடுப்பாங்க, ரெண்டு கட்சியும் பாதிக் கதைய மட்டும் சொல்லுவாங்க.

1989 அக்டோபர் 17 சாயங்காலம் நிலநடுக்கம். ஓக்லண்ட்ல சைப்ரஸ் தெருவுக்கு மேல போன ரெண்டடுக்கு மேம்பாலம் சரிஞ்சு 42 பேர் செத்தாங்க. பே பிரிட்ஜோட கிழக்குப் பகுதில மேல் தளத்துல ஒரு துண்டு அப்படியே கழண்டு கீழ்த்தளத்துல விழுந்துச்சு, ஒரு உயிர் போச்சு. கிழக்குப் பாதிய மொத்தமா புதுசா கட்டணும்னு முடிவு பண்ணி, சண்டை போட்டு, டிசைன் மாத்தி, திரும்ப சண்டை போட்டு 2004-ல தொங்குபாலப் பகுதிக்கு டெண்டர் தொறந்தா ஒரே ஒரு ஆள் தான் வந்திருக்கார். உள்நாட்டு இரும்புன்னா 180 கோடி டாலர், வெளிநாட்டு இரும்புன்னா 140 கோடி. 40 கோடி வித்தியாசம்! மாநிலம் என்ன பண்ணுச்சுன்னா, அந்தப் பகுதிக்கு மத்திய அரசு காசே வேணாம்னு சொல்லிட்டு டோல் காச வச்சுக் கட்டுனாங்க. மத்திய காசு இல்லன்னா பை அமெரிக்கா இல்ல. 2006-ல காண்ட்ராக்ட் குடுத்தாங்க, இரும்பு வேலை ஷாங்காய்ல துறைமுகக் கிரேன் செய்யுற கம்பெனிக்குப் போச்சு, அவங்க அதுக்கு முன்னாடி பாலமே செஞ்சதில்ல.

அங்க வெல்டிங்ல பிரச்சினை வந்துச்சு, விரிசல், ரிப்பேர், லேட், அப்புறம் இதைப் பத்தி கலிஃபோர்னியா செனட் வரைக்கும் விசாரணை. பாத்தியா சொன்னோம்லன்னு உள்நாட்டு இரும்பு கோஷ்டி மீசைய முறுக்குச்சு. பாதிக் கதை அது.

மீதிப் பாதி. 2013 செப்டம்பர்ல தெறக்கணும், மார்ச் மாசம் ஒரு தூண் தலைல பூகம்பத்துல பாலம் நகராம பிடிக்குற பாகத்தோட ராடுகள இறுக்குறாங்க. 3 இஞ்ச் தடிமன், ஆள் உயரத்துக்கு மேல நீளம், மொத்தம் 96. இறுக்கி முடிச்சு ரெண்டே வாரத்துக்குள்ள 32 ராடு தானா ஒடிஞ்சுது. மேல லோடு இல்ல, பூகம்பம் இல்ல, சும்மா நின்னுக்கிட்டே ஒடிஞ்சுது. ஊர் முழுக்க சைனா இரும்புன்னு கத்துனாங்க. காகிதத்த எடுத்துப் பாத்தா அந்த ராடு ஓஹையோ மாநிலத்துல செஞ்சது!

ஏன் ஒடிஞ்சுதுன்னா ஹைட்ரஜன். ரொம்பக் கடினமா பதப்படுத்துன ஸ்டீலுக்குள்ள ஹைட்ரஜன் அணு பூந்துடும், பூந்து சும்மா இருக்கும், இழுத்துப் புடிச்சு நிறுத்துனா அந்த இழுவை அதிகமா இருக்குற இடத்துக்கு மெதுவா ஊர்ந்து போய் சேரும், சில நாள் கழிச்சு டப்புனு விரிசல். நம்ம வீட்டு முறுக்குல ஈரம் ஏறுனா நமுத்துப் போகும், இந்த இரும்புல தலைகீழ், ஈரம் பட்டா தான் மொறுமொறுப்பு. 2008-ல அந்த ராடுகள தூணுக்குள்ள இறக்கி வச்சுட்டாங்க, மேல பாலம் வந்து சேர்ற வரைக்கும் இறுக்க முடியாது, அஞ்சு வருஷம் குழாய்க்குள்ள மழைத் தண்ணில ஊறிக்கிட்டு இருந்திருக்கு. அது போதாதுன்னு கால்வனைசிங் வேற. இந்த ரக ஸ்டீலுக்கு அது ஆபத்துன்னு எச்சரிக்கை முன்னாடியே இருந்துச்சு, ஆனா ஸ்பெசிஃபிகேஷன்ல கேட்டது கால்வனைஸ் பண்ணுன ராடு தான், செஞ்சவன் கேட்டதைக் குடுத்தான். அப்புறம் அதே இடத்துல குதிரைச் சேணம் மாதிரி ஒரு இரும்பு அமைப்ப மாட்டி கேபிள் போட்டுக் கட்டுனாங்க, சுமார் 2.5 கோடி டாலர். அது முடியற வரைக்கும் தற்காலிகமா இரும்புத் தகடு சொருகி வச்சுட்டு செப்டம்பர் 2 ராத்திரி பாலத்தத் தொறந்தாங்க.

ஷாங்காய் வெல்டும் சரி, ஓஹையோ ராடும் சரி, எங்க செஞ்சதுங்கற கேள்விக்கு அந்தப் பிரச்சினைல பதிலே இல்ல. யாரு கூட நின்னு பாத்தா, என்ன டெஸ்ட் பண்ணுனா, மழை பேஞ்சா மூடி வச்சாங்களா. மாமா கேட்டது இதைத் தான்.

மழைன்னதும் எங்க போல்ட் டப்பா ஞாபகம் வருது. இது 2023 வசந்த காலம், ஒரு சின்ன ஓவர்பாஸ்ல கர்டர், அதாவது பாலத்தத் தாங்குற இரும்பு உத்தரம் சேக்குற வேலை. அதுக்கான போல்ட் பீப்பாய்ல வரும், நட்டுல ஒரு மெழுகு பூசியிருக்கும், கால்வனைஸ் பண்ணுன நட்டு மெழுகு இல்லாம சுத்துனா மரை மரையோட ஒட்டிக்கிட்டு கிழிஞ்சுடும். மெழுகு இருக்கா இல்லையான்னு கண்ணுல தெரியறதுக்காக அதுல நீலமோ பச்சையோ சாயம் கலந்திருப்பாங்க, எங்களுது நீலம். வெள்ளிக்கிழமை யாரோ மூடிய தொறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க, சனி ஞாயிறு மழை. திங்கக்கிழமை எங்க அயர்ன்வொர்க்கர் ஃபோர்மேன், 30 வருஷ அனுபவம், ஒரு நட்ட எடுத்து கட்டை விரலால தேச்சார், விரல என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனார், நீலம் ஒட்டல. "ட்ரை" அப்படின்னு ஒரே வார்த்தை.

போல்ட் எவ்வளவு இழுவைல இருக்குன்னு காட்டுற கருவி ஒண்ணு இருக்கு, அதுல மாட்டி முடுக்குனோம். நல்ல போல்ட்னா முடுக்க முடுக்க முள்ளு வழுக்கிக்கிட்டு ஏறும். இது கிறீச்னு கத்துது, ரெண்டு பேர் தொங்கியும் சுத்தல, முள்ளு பாதில நின்னுடுச்சு. கழட்டிப் பாத்தா மரைல வெள்ளி நிறத்துல சுருள் சுருளா உரிஞ்சு வந்திருக்கு. நான் டிரெய்லருக்குப் போய் ஃபைல எடுத்துப் பாத்தேன், எல்லாம் இருக்கு, உருகுன ஊரு, தலை அடிச்ச ஊரு, பூச்சு பூசுன ஊரு, எல்லாம் அமெரிக்கா, கையெழுத்து, முத்திரை. காகிதம் ஒண்ணு கூட நனையல, போல்ட் தான் நனைஞ்சுது.

இந்த டெஸ்ட்டும் சும்மா வந்ததில்ல. 80-கள்ல தரம் குறைஞ்ச போல்ட்டு தலைல உசத்தி ரகத்தோட கோடு போட்டு வெளிநாட்டுலேருந்து மூட்டை மூட்டையா வந்து இறங்கி, காங்கிரஸ் விசாரிச்சு, 1990-ல போல்ட்டுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க, செஞ்சவனோட குறி தலைல இருக்கணும், பொய் சர்ட்டிஃபிகேட் குடுத்தா ஜெயில். அது எந்த நாடுன்னு பாக்குற சட்டம் இல்ல, நீ சொன்னது உண்மையான்னு பாக்குற சட்டம். எனக்கு அந்தச் சட்டம் மேல தனி மரியாதை.

கார்டுரெயில் முனை விவகாரமும் அதே ரகம். வேலி ஆரம்பிக்குற இடத்துல ஒரு சதுரத் தலை இருக்கும், கார் மோதுனா அது தகட்ட ரிப்பன் மாதிரி உருவி ஓரமா தள்ளிக்கிட்டே பின்னாடி போகணும், இல்லன்னா தகடு ஈட்டி மாதிரி காருக்குள்ள வந்துடும். டெக்சாஸ்ல ஒரு பெரிய கம்பெனி 2005-ல அந்தத் தலைக்குள்ள ஒரு பாகத்தோட அகலத்த 5 இஞ்சுலேருந்து 4 இஞ்சா குறைச்சுது, மத்திய நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்லல. கேஸாச்சு, 2014-ல ஜூரி கம்பெனிக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு, 2017-ல மேல் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு, அரசாங்கம் விஷயம் தெரிஞ்ச பிறகும் காசு குடுத்துக்கிட்டு தானே இருந்துச்சுன்னு. யாரு சரின்னு நான் சொல்ல வரல. அந்த ஒரு இஞ்ச என் 7 ஃபைல்ல எந்தக் காகிதமும் பிடிச்சிருக்காது. அதுக்கு வேற டெஸ்ட், 2,270 கிலோ பிக்கப் வண்டியையும் 1,100 கிலோ சின்ன காரையும் 100 கிலோமீட்டர் வேகத்துல மோத விட்டுப் பாக்குறது. அந்த டெஸ்ட் பண்றவனுக்கு இரும்பு எந்த ஊருன்னு கவலை இல்ல, என் ஃபைல பாக்குறவனுக்கு மோதுனா என்ன ஆகும்னு கவலை இல்ல. ரெண்டு பேரும் ஒரே தகட்டத் தான் பாக்குறாங்க.

இன்னொரு விஷயம், வேலைக்கு வந்த புதுசுல எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. இந்தச் சட்டம் ரோட்டுல நிரந்தரமா தங்குற பொருளுக்கு மட்டும் தான். வேலை முடிஞ்சதும் எடுத்துட்டுப் போற எதுக்கும் இல்ல. அதாவது கான்கிரீட் ஊத்துறப்ப கீழ முட்டுக் குடுக்குற இரும்பு, மண்ணு சரியாம பிடிக்குற ஷீட் பைல், கோன், அந்த அட்டெனுவேட்டர் வண்டி, இடுப்புல கட்டுற பெல்ட், தலைல போடுற ஹெல்மெட், எதுக்கும் ஜாதகம் கேக்க மாட்டாங்க. அதுக்கெல்லாம் தொழிலாளர் பாதுகாப்பு விதி தனியா இருக்கு, அத பாக்குறது பக்கத்து டிரெய்லர்ல இருக்குற சேஃப்டி மேனேஜர், அவர்கிட்ட 2 ஃபைல் தான். என்கிட்ட 7. நாங்க ரெண்டு பேரும் ஒரே காஃபி மெஷின்ல காஃபி குடிக்கிறோம், அதைத் தவிர ரெண்டு ஃபைலுக்கும் சந்திப்பே கிடையாது.

நான் இந்தச் சட்டத்துக்கு எதிரியா மாறிட்டேன்னு நெனச்சுடாதீங்க. நியூயார்க் தெருவுல நடந்தவங்க பாத்திருப்பீங்க, சாக்கடை மூடி மேல மேட் இன் இந்தியான்னு கொட்டை எழுத்துல இருக்கும், அப்படி எழுதணும்னே இங்க சட்டம் இருக்கு. மொத தடவ பாத்தப்ப பெருமையா ஃபோட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்புனேன். நிறைய மூடி ஹவுராவுல வார்க்குறது. 2007-ல அங்க எடுத்த ஃபோட்டோ ஒண்ணு பத்திரிகைல வந்து இங்க பெரிய பேச்சாச்சு, வெறும் காலோட, சட்டை இல்லாம, உருகுன இரும்ப தூக்கிக்கிட்டுப் போறாங்க. மூடி நல்ல மூடி தான், லாரி ஏறுனாலும் அசையாது. அத செஞ்சவன் கால் தான் வெறுங்கால். மத்திய அரசு காசுல போடுற ஹைவேல அந்த மூடிய போட முடியாது, இரும்பும் இந்தச் சட்டத்துக்குள்ள வந்துடுச்சுல்ல. உள்நாட்டு ஃபவுண்டரின்னா குறைஞ்சது அங்க ஒரு பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் உள்ள நுழைய முடியும், பூட்ஸ் இல்லன்னா அபராதம் போட முடியும். இந்த வாதத்த தான் நான் முழு மனசோட ஏத்துக்குவேன், ஆனா பை அமெரிக்கான்னு மேடைல கத்துறவங்க யாரும் இத சொல்லி நான் கேட்டதில்ல, எல்லாம் வேலைவாய்ப்பு, சைனா, இதோட நின்னுடும். நம்ம ஊருக்கு வேலை போகுதேன்னு ஒரு பக்கம் நெஞ்சு அடிச்சுக்குது, அதுவும் பொய்யில்ல.

அப்புறம் ஹீட் நம்பர். திட்டிக்கிட்டே பாக்குற வேலை தான், ஆனா ஒரு நாள் ஒரு போஸ்ட்ல விரிசல் தெரிஞ்சா அந்த நம்பர வச்சு அதே கொப்பரைல வந்த மத்த போஸ்ட் எந்தெந்த மைல்கல்லுல நிக்குதுன்னு அரை மணில சொல்லிடலாம். எங்க பொறந்துச்சுன்னு கேக்கறதுக்காக வந்த பழக்கம், எங்க நிக்குதுன்னு சொல்ல உதவுது. இது யாரும் திட்டம் போட்டு செஞ்சதான்னு எனக்கு சந்தேகம்.

இப்ப ஃபைல் இன்னும் பெருசாகப் போகுது. 2021-ல வந்த பெரிய உள்கட்டமைப்புச் சட்டத்தோட இன்னொரு பை அமெரிக்காவும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு, பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி, மரம், ஃபைபர் கேபிள் எல்லாம் உள்ள வந்துடுச்சு, மணல், ஜல்லி, சிமெண்ட் மட்டும் வெளில. 1983-லேருந்து தொழிற்சாலைல செஞ்சு வர்ற பொருளுக்கு, அதாவது சிக்னல் கன்ட்ரோலர் மாதிரி சாமானுக்கு, பொது விலக்கு ஒண்ணு இருந்துச்சு, அதையும் 2025 ஜனவரில எடுக்கறோம்னு அறிவிச்சாங்க. 2025 அக்டோபர் 1-லேருந்து கடைசியா பூட்டுறது இங்க நடக்கணும், 2026 அக்டோபர் 1-லேருந்து உள்ள இருக்குற பாகத்தோட செலவுல 55 சதவீதத்துக்கு மேல உள்நாட்டுது. ஒரு சிக்னல் பெட்டிக்குள்ள இருக்குற போர்டு, சிப்பு, டெர்மினல் எல்லாத்துக்கும் யாரு விலை போட்டுக் கூட்டிக் கழிக்கறதுன்னு சப்ளையர்கிட்ட கேட்டா அவன் என்கிட்ட திருப்பிக் கேக்குறான். போன குளிர்காலத்துல ஒரு எக்ஸிட் ரேம்ப் முனைல மோதி நசுங்குன கிராஷ் குஷனுக்கு, அதாவது மோதுற கார் வேகத்த முழுங்குற தடுப்புக்கு, மாத்துப் பாகம் வர்றதுக்கு ஏழு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் அந்த முனைல ஆரஞ்சு டிரம் தான் நிறுத்தி வச்சிருந்தோம், வாரத்துக்கு ரெண்டு தடவ யாராவது ஒரு டிரம்ம தூக்கி அடிச்சுட்டுப் போவான், நம்ம பையன் ஒருத்தன் ராத்திரி இறங்கிப் போய் திரும்ப நிறுத்தணும். ஏழு வாரம், 14 தடவை. லேட்டுக்கு முழுக் காரணம் சட்டம்னு சொல்ல மாட்டேன், செய்யறவனே இங்க ரெண்டு மூணு பேர் தான், ஆனா மூணாவது ஒரு கடைலேருந்து வாங்க விட்டிருந்தா அந்தப் பையன் அத்தனை தடவ இறங்கியிருக்க வேண்டியதில்ல.

2024 மார்ச் 26 ராத்திரி பால்டிமோர்ல கீ பிரிட்ஜ் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். கொழும்புக்குக் கிளம்புன கப்பல், அதுல பெரும்பாலும் இந்திய மாலுமிங்க, கரண்ட் போய் தூண்ல மோதுச்சு. போலீஸ் ரெண்டு பக்கமும் டிராஃபிக்க நிறுத்திட்டாங்க, அதனால வண்டில வந்தவங்க தப்பிச்சாங்க. பாலத்து மேல குழி அடைச்சுக்கிட்டு இருந்த ராத்திரி கேங்குக்கு மட்டும் தகவல் போய் சேரல, ஆறு பேர் போயிட்டாங்க. மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ்லேருந்து வந்தவங்க. மறுநாள் எங்க சைட்ல யாரும் பேசல, எங்க கேங்குலயும் முக்காவாசி அதே ஊர்க்காரங்க தான், ஒருத்தர் ஊர்க்காரப் பையன் வேற அங்க வேலைல இருந்திருக்கான், அன்னைக்கு ஷிஃப்ட் இல்ல. புதுப் பாலம் மத்திய அரசு காசுல கட்டறாங்க, அதுல வைக்கப் போற ஒவ்வொரு இரும்புக்கும் என்ன மாதிரி ஒருத்தன் ஜாதகம் எழுதிக்கிட்டு இருப்பான். ராத்திரி கேங்குக்கு வாக்கி டாக்கி நேரா போலீஸோட பேசுமாங்கறது எந்த ஃபைல்னு நான் எங்க சேஃப்டி மேனேஜர்கிட்ட போய் கேட்டேன். எங்க சைட்ல அப்ப பேசாது. இப்ப பேசும், அதுக்கு மூணு மாசம் மெயில் போட்டேன், மொத்தச் செலவு 110 போஸ்ட்ட புடுங்குன செலவுல பாதி கூட இல்ல.

அந்த போஸ்ட் என்னாச்சுன்னு மாமா போன வாரம் கேட்டார், பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்களா மாப்ள, கிலோ என்ன விலைக்குப் போச்சுன்னு. போடல. மத்திய அரசு காசு இல்லாத ஒரு தனியார் கிடங்கு வேலைக்கு எங்க கம்பெனியே எடுத்துட்டுப் போய் அடிச்சுடுச்சு, லாரி திரும்புற இடத்துல வளைவா நிக்குது. போன மாசம் அந்தப் பக்கம் போனப்ப கார ஓரமா நிறுத்திட்டு இறங்கிப் பாத்தேன். ஒண்ணு மட்டும் லேசா சாஞ்சிருக்கு, எவனோ ரிவர்ஸ் எடுக்குறப்ப வச்சு இடிச்சிருக்கான். பூச்சு ஒரு இடத்துலயும் உரியல.